காணும் பொங்கல் காலையில் ஊர் ஓட்டம்: 5 கிலோமீட்டர் பந்தயம் நடத்த முழுமையான வழிகாட்டி

மார்கழிக் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் விடியற்காலையில் வயலோரம் நின்று பாருங்கள். முற்றிக்கொண்டு வரும் சம்பாக் கதிருக்கு மேலே பனி ஒரு முழ உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும். அந்தப் பனிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். ஆண்கள் அதில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தாக வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது ஊரே ரோட்டோரம் நின்று அவர்களுக்குக் கை தட்டட்டும், கூடவே மற்றவர்களும் ஓடட்டும் என்றுதான் நாங்கள் இதை ஆரம்பித்தோம்.

காவிரி டெல்டாவில் ஒரு சின்ன ஊரை மனதில் வைத்து, நூறு பேர் ஓடும் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் மேட்டு நிலமாக இருந்தால் ஆறு, வாய்க்கால் பற்றிச் சொல்வதை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் எங்கும் பொருந்தும்.

நாள் குறிப்பது

காணும் பொங்கல் காலைதான் சரியான நேரம். சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். அன்று சாயங்காலமோ மறுநாளோ கிளம்பிவிடுவார்கள். போகியன்று வைக்கவே வேண்டாம். பழையதை எரித்த புகை பனியோடு சேர்ந்து தரையிலேயே தங்கிவிடும். ஓடுகிறவர் அதைத்தான் ஆழமாக இழுத்து மூச்சுவிட வேண்டியிருக்கும். பொங்கலன்று அடுப்படி வேலை. மாட்டுப் பொங்கலன்று ரோடு முழுக்க மாடுகள், குளிப்பாட்டக் கூட்டிப் போவதும் வருவதுமாக இருக்கும்.

ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிக்க 6.35 ஆகிவிடும். பனி மூட்டமாக இருந்தால் ஏழு மணிக்குக்கூட ஐம்பது அடி தள்ளி வரும் வண்டி தெரியாது. அதனால் புறப்பாடு 7 மணி என்று வையுங்கள். எதிரே இருக்கும் இரண்டாவது மின்கம்பம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் தெரியும்வரை காத்திருங்கள். இந்த ஒரு விஷயத்தில் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

யார் யார் சேர்ந்து நடத்துவது

ஏழெட்டுப் பேர் போதும். ஆனால் அந்த ஏழெட்டுப் பேரில் ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். கிழக்குத் தெரு, மேலத் தெரு, காலனி, பள்ளிவாசல் தெரு என்று எத்தனை உண்டோ அத்தனையும். குறைந்தது மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும். பெண்கள் பெயரைப் பெண்கள் போய்க் கேட்டால்தான் வீட்டில் அனுப்புவார்கள். முதல் வருஷம் எங்கள் குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார், நான்கு பெண்கள் ஓடினார்கள். அடுத்த வருஷம் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அந்த வருஷம் இருபதுக்கு மேல் வந்துவிட்டது.

பாதை

பாதையும் அப்படித்தான், எல்லாத் தெரு வழியாகவும் போக வேண்டும். ஒரு தெருவை விட்டுவிட்டு ஓட்டம் போனால் அந்தத் தெரு அதை மறக்காது, மறக்கவும் கூடாது. இதனால் வளைவு அதிகமாகும், பந்தய நேரம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

பொங்கல் சமயத்தில் பாதையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலில் கோலம். அந்த மூன்று நாளும் வாசலை அடைத்துப் போட்டிருப்பார்கள்; சில வீட்டில் பூசணிப்பூ செருகிய சாணி உருண்டையும் இருக்கும். நூறு பேர் அதை மிதித்துக்கொண்டு ஓடினால் அதற்குப் பிறகு எந்த அம்மாவும் உங்களுக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார். முந்தின நாளே வீடு வீடாகப் போய், “அத்தை, தெரு நடுவுல நாலு அடி மட்டும் விட்டுட்டுக் கோலம் போடுங்க” என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது ஒரு வீட்டில் அந்த நான்கு அடியின் இரு பக்கமும் ஓடுகிற கால் வரிசையாகக் கோலம் போட்டு வைத்திருந்தார்கள்.

அடுத்தது நெல். முன்பட்ட சம்பா அறுவடை அப்போது தொடங்கிவிடும். களம் போதாமல் ரோட்டில் நெல் காயப்போடுவார்கள். தார் ரோட்டில் சிதறிக் கிடக்கும் நெல்லில் கால் வைத்தால் வழுக்கி இழுத்துவிடும்; ஈர வைக்கோல் இன்னும் மோசம். “அந்தப் பக்கம் தள்ளிக் காயப்போடுங்கள்” என்று உத்தரவு போடாமல், அவர்களுடைய வேலை எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும் அந்த இடத்தைக் கேளுங்கள். குவித்து மூட ஆள் வேண்டுமென்றால் நீங்களே போய்க் குவித்துக் கொடுங்கள்.

மூன்றாவது தண்ணீர். மேட்டூர் அணையைப் பாசனத்துக்காக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதனால் பொங்கல் நேரத்தில் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பனியில் நனைந்த கரைமண் வழுக்கும். சின்னப் பிள்ளைகள் ஓடும் பாதையைக் கரைப்பக்கமே கொண்டுபோகக் கூடாது. பெரியவர்கள் பாதையில் மதகோ பாலமோ வந்தால் நன்றாக நீச்சல் தெரிந்த ஒருவரை, கையில் கயிற்றோடு அங்கே நிறுத்துங்கள்.

வரப்பில் ஓடவிடுவது படம் எடுக்க அழகாக இருக்கும். வேண்டாம். டெல்டா களிமண் ஈரத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், பயிருக்கும் சேதம்.

நெருஞ்சி முள்ளை மறந்துவிடாதீர்கள். பாதிப் பேர் வெறுங்காலில்தான் ஓடுவார்கள். மழைக்காலத்தில் ரோட்டோரம் முளைத்த நெருஞ்சி தை மாதம் காய்ந்து முள்ளாக உதிர்ந்து கிடக்கும். முந்தின நாள் மாலை ரோட்டின் இரண்டு ஓரத்தையும் விளக்குமாற்றால் கூட்டுங்கள்.

தூரத்தை அளப்பது

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். முதல் வருஷம் கைப்பேசி காட்டியதை நம்பி 5 கிலோமீட்டர் என்று அறிவித்தோம். பயிற்சி எடுக்கும் பையன் ஒருவன் வழக்கத்தைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாக முடித்து, சந்தோஷத்தில் அழுதான். பிறகு ஒழுங்காக அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 300 மீட்டர் குறைவு. அவனிடம் போய் அதைச் சொன்ன அன்று எனக்கு இருந்த மனநிலை இன்றும் நினைவிருக்கிறது.

கைப்பேசியும் கைக்கடிகாரமும் செயற்கைக்கோளை வைத்துச் சில நொடிக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்துக் கணக்குப் போடுகின்றன. தென்னந்தோப்புக்குள்ளும் வளைவுகளிலும் அந்தப் புள்ளிகள் இடம் மாறி விழும். உலகம் முழுக்கச் சாலை ஓட்டங்களை இன்றும் சைக்கிளை வைத்துத்தான் அளக்கிறார்கள். 1971-இல் அமெரிக்காவில் ஆலன் ஜோன்ஸ் என்பவர் அதற்கென்று முன்சக்கரத்தில் மாட்டும் எண்ணியைச் செய்தார். அந்தக் கருவி இல்லாமலும் அதே முறையை நாம் செய்யலாம்.

தேவை: ஒரு சைக்கிள், 30 மீட்டர் இரும்பு டேப், சாக்பீஸ், விரலில் மாட்டி அழுத்தி எண்ணும் சின்ன கவுண்டர், இரண்டு பேர்.

நேரான ரோட்டில் டேப்பைப் பத்து முறை வைத்து 300 மீட்டர் குறியுங்கள். முன்சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்துக் கம்பியில் சிவப்புத் துணி கட்டுங்கள். துணி நேராகக் கீழே இருக்கும்படி கோட்டில் வைத்துக் கிளம்பி, 300 மீட்டரில் எத்தனை சுற்று, மிச்சம் எத்தனை கம்பி என்று எண்ணுங்கள். நான்கு முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். எங்கள் 28 அங்குலச் சைக்கிளில் 136 சுற்றும் 12 கம்பியும் வந்தது. முன்சக்கரத்தில் மொத்தம் 32 கம்பி. ஆக 136.375 சுற்று. ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். 5,000 மீட்டருக்கு 2,273 சுற்று. அதோடு ஆயிரத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்; பாதை எந்தக் காரணத்தாலும் குறைந்துபோகக் கூடாது என்பதற்காக அளவையாளர்கள் எல்லாரும் சேர்க்கும் கணக்கு இது. எங்களுக்கு 2,275 வந்தது.

இப்போது பாதையை ஓட்டுங்கள். ஒருவர் சைக்கிளை மட்டும் பார்க்கட்டும், இன்னொருவர் பக்கத்தில் வந்து சிவப்புத் துணி கீழே வரும் ஒவ்வொரு முறையும் கவுண்டரை அழுத்தட்டும். நூறு சுற்றுக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதுங்கள். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் முந்தின கோட்டுக்குத் திரும்பினால் போதும். வளைவில் ஓட்டக்காரர் எப்படிக் குறுக்கே வெட்டி ஓடுவாரோ அதே கோட்டில், ரோட்டு விளிம்பிலிருந்து ஒரு சாண் ஒன்றரைச் சாண் தள்ளிச் சைக்கிளும் போக வேண்டும். வெயில் ஏறினால் டயர் காற்று விரிந்து அளவு மாறும். அதனால் 300 மீட்டர் சோதனையையும் பாதை அளப்பதையும் ஒரே காலையில் முடித்துவிடுங்கள். முடித்ததும் மறுபடி ஒரு முறை 300 மீட்டர் ஓட்டிச் சரிபாருங்கள்.

அனுமதி

ஒரு மாதம் முன்பே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். பாதையின் வரைபடம், நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், பொறுப்பாளர்களின் கைப்பேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் நகல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். நெடுஞ்சாலையில் ஓட வைக்கவே வேண்டாம். குறுக்கே கடக்க வேண்டியிருந்தாலும் வேறு வழி பாருங்கள். காலை நகரப் பேருந்து எத்தனை மணிக்கு ஊருக்குள் வரும் என்று ஓட்டுநரிடமே பேசிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொன்னால் ஐந்து நிமிடம் நின்று வருவார்கள்.

மைக் செட்டுக்குத் தனி அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஐந்து மணிக்கே பாட்டுப் போட்டு ஊரை எழுப்ப ஆசை வரும். வேண்டாம்.

பிரிவும் பரிசும்

5 கிலோமீட்டரில் ஆண்கள், பெண்கள், 45 வயதுக்கு மேல் ஆண், பெண். 12 முதல் 15 வயது வரை 2 கிலோமீட்டர். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 500 மீட்டர், அதில் ஓடி முடித்த அத்தனை பேருக்கும் ஒரே பரிசு. ஆணுக்கு என்ன பரிசோ பெண்ணுக்கும் அதே. ஆணுக்கு அண்டா, பெண்ணுக்கு டிபன் பாக்ஸ் என்று சில இடங்களில் நான் பார்த்திருக்கிறேன். கொடுக்கும்போதே அந்தப் பெண்ணின் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

வெளியூர் ஓட்டக்காரர்களை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் பரிசுத் தொகை பெரிதாக இருந்தால் பந்தயத்துக்குப் பந்தயம் போகும் தேர்ந்த ஓட்டக்காரர்கள் வந்து முதல் மூன்று பரிசையும் எடுத்துப்போவார்கள். தவறில்லை, அது அவர்கள் உழைப்பு. பொதுப் பரிசு ஒன்று, உள்ளூர்ப் பரிசு ஒன்று என்று பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் மனத்தாங்கல் இருக்காது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்ந்தவர்கள் ஓடுவதைப் பக்கத்தில் பார்க்கக் கிடைப்பதே பெரிய விஷயம். புதுக்கோட்டைக்காரர் லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். புதுக்கோட்டை நமக்குப் பக்கத்து மாவட்டம்தான்.

உடம்பு விஷயம்

பெயர் கொடுக்கும்போதே நான்கு கேள்வி கேளுங்கள்: நெஞ்சுவலி, இருதயத் தொந்தரவு உண்டா? வீசிங் உண்டா? இப்போது காய்ச்சலா? கர்ப்பமா? இருதயத் தொந்தரவு உள்ளவர் டாக்டரைக் கேட்டு வரட்டும். வீசிங் உள்ளவருக்குக் குளிர்காற்றில் சட்டென்று வேகமெடுத்தால் இழுப்பு வரலாம். அவர் இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் மெதுவாக நடந்து ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். காய்ச்சல் என்றால் அடுத்த வருஷம்.

குழுவில் நான்கு பேராவது நெஞ்சழுத்த முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் விழுந்து, அழைத்தும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லாவிட்டால் உடனே 108-க்கு ஒருவர் பேச, இன்னொருவர் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. பாதையில் எந்த இடம் என்று சொல்ல வசதியாக, நூறு சுற்றுக்குப் போட்ட அந்தக் கோட்டு எண்களைப் பெரிதாக எழுதி வைத்திருங்கள்.

நாய்கள் ஓடுகிறவரைத் துரத்தும். வளர்ப்பு நாய்களைக் கட்டச் சொல்லுங்கள். தெரு நாய்களுக்கு எந்த வீட்டில் சோறு கிடைக்கிறதோ அந்த வீட்டுக்காரரை அந்த முனையில் நிறுத்துங்கள், அவர் சொன்னால் கேட்கும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்கு அனுப்புங்கள்.

முந்தின நாளும் அன்று காலையும்

அம்புக்குறிகளைச் சுண்ணாம்பு கரைத்துப் பட்டையாக அடியுங்கள். வளைவுக்குப் பத்தடி முன்னால் ஒன்று, வளைந்த பிறகு ஒன்று. போகக் கூடாத சந்தில் பெருக்கல் குறி. முச்சந்தி எல்லாவற்றிலும் ஆள். எந்தப் பக்கம் கை காட்ட வேண்டும் என்பதை அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள்.

செஸ்ட் நம்பருக்கு ஆளுக்கு நான்கு ஊக்கு; நூறு பேருக்கு நானூறு. எப்போதும் குறைவது இதுதான். தண்ணீர் பாதி வழியில் ஒரு இடம், முடிவில் ஒரு இடம். இருபது டிகிரியை ஒட்டிய குளிரில் 5 கிலோமீட்டருக்கு அதற்கு மேல் தேவையில்லை; மூன்று இருபது லிட்டர் கேன் போதும்.

சிறப்பு விருந்தினரை அழைப்பதென்றால் பரிசு கொடுக்க அழையுங்கள். கொடி அசைக்க அழைத்தால், அவர் வர முக்கால் மணி நேரம் தாமதமானாலும் பிள்ளைகள் பனியில் பனியனோடு நின்றுகொண்டிருக்க வேண்டும். ஓட்டத்தைத் தொடங்கி வைக்க ஊர்த் தபால்காரரோ, பள்ளியில் சத்துணவு சமைப்பவரோ, தூய்மைப் பணியாளரோ வரட்டும். வேட்டு வேண்டாம், கொட்டகையில் மாடுகள் மிரளும். விசில் போதும்.

முடிவுக் கோடு

சண்டை வருவதெல்லாம் இங்கேதான். முதல் மூன்று பேர் தனித்தனியே வருவார்கள், எல்லாருக்கும் தெரியும். 25 நிமிடத்திலிருந்து கூட்டமாக வரும்போதுதான் குழப்பம்.

கோட்டைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒருவர் பின் ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய சந்து ஒன்றை இருபது அடி நீளத்துக்கு அமையுங்கள். வந்த வரிசை அதற்குள் மாறக் கூடாது. சந்தின் முடிவில் ஒருவர் 1, 2, 3 என்று எண் போட்ட டோக்கனை வரிசையாகக் கொடுப்பார். கோட்டில் நிற்பவர் ஸ்டாப் வாட்சில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை அழுத்துவார். ஏழாவது அழுத்தலும் ஏழாம் எண் டோக்கனும் ஒரே ஆளுக்கு உரியவை. தள்ளிப் போட்ட மேசையில் டோக்கனை வாங்கி, பெயரையும் செஸ்ட் நம்பரையும் எழுதிக்கொண்டால் முடிந்தது. லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2-ஆம் தேதி 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் ஓட்டத்தில், இரும்புக் கடை வாஷர்தான் ஆரம்பத்தில் டோக்கன். நாங்கள் ஐஸ் குச்சியில் மார்க்கரால் எண் எழுதி வைத்துக்கொள்கிறோம்.

கடிகாரம் பிடிப்பவர் யாரோடும் பேசக் கூடாது, சொந்தப் பிள்ளை வந்தாலும் கை தட்டக் கூடாது. இன்னொருவர் அவர் பின்னால் நின்று செஸ்ட் நம்பரை மட்டும் வந்த வரிசையில் நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். பேட்டரி தீர்ந்தாலும், டோக்கன் கீழே விழுந்தாலும் அந்த நோட்டு காப்பாற்றும்.

கடைசியாக வருபவர்

கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வர வேண்டும், அவர் எவ்வளவு மெதுவாக வந்தாலும். 5 கிலோமீட்டர் நடந்தால் ஒரு மணி நேரம். அதுவரை கயிறும் இருக்கட்டும், கடிகாரமும் ஓடட்டும், முச்சந்தி ஆட்களும் நகரக் கூடாது. பரிசளிப்பை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். சென்ற முறை எங்களுக்குக் கடைசியாக வந்தவர் நடவுக்குப் போகும் ஒரு அக்கா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் செருப்போடு, 58 நிமிடத்தில் வந்தார். முதலில் வந்த பையன் சந்துக்கு வெளியே நின்று அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். டோக்கனை மேசையில் கொடுத்துவிட்டு, “என் பேரை எழுதிட்டீங்களா தம்பி?” என்று இரண்டு முறை கேட்டார்.

எல்லாரும் வந்த பிறகு சுக்குக் காபி, வெண்பொங்கல், வேகவைத்த பனங்கிழங்கு. பனங்கிழங்கு அப்போதுதான் கிடைக்கும், பசிக்கும் தாங்கும். ஓடியவர், கை காட்டியவர், வேடிக்கை பார்த்தவர் எல்லாருக்கும் ஒரே பந்தி.

மறுநாள்

ஓடிய அத்தனை பேரின் பெயரும் நேரமும் எழுதிய பட்டியலை டீக்கடையிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டுங்கள். முதல் மூன்று மட்டும் போட்டால் போதாது. பாதையில் கிடக்கும் பேப்பர் கப்புகளைப் பொறுக்குங்கள். கோலத்துக்கும் நெல்லுக்கும் இடம் விட்டவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்து நன்றி சொல்லுங்கள். ஊக்குகளைத் திரும்ப வாங்கி எண்ணி டப்பாவில் போடுங்கள், ஐஸ் குச்சிகளை வரிசைப்படுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். எந்த முச்சந்தியில் ஆள் போதவில்லை, எந்தத் தெருவில் நாய் துரத்தியது, பனி எத்தனை மணிக்கு விலகியது என்று அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிவிடுங்கள்.